தூணியும் வைத்தியனும்

சீன தேசத்து ஆஸ்பத்திரி வாசல்களில் தொங்குகிற பலகைகளில் ஓர் எழுத்து தவறாமல் இருக்கும். பார்வைக்கு எளிய எழுத்து, ஏழே கோடுகள். மேலும் கீழும் இடப்பக்கமும் அடைத்து, வலப்பக்கத்தை மட்டும் திறந்து விட்ட ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இன்னோர் எழுத்து அடங்கிக் கிடக்கிறது. உள்ளே கிடப்பதற்கு அம்பு என்று அர்த்தம். பெட்டியையும் அம்பையும் சேர்த்துப் படித்தால் 'வைத்தியம்', 'வைத்தியன்'. 'யீ' என்று சொல்கிறார்கள். ஜப்பானியரும் இதே எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். அவர்கள் வாயில் அது 'இ' என்று இன்னும் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது.

பெட்டிக்குள் அம்பை வைத்தால் அது தூணியல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஷு ஷென் என்பவர் கி.பி. 100-ஆம் ஆண்டில் ஓர் அகராதி செய்தார். 9,353 எழுத்துக்களுக்கு உருவமும் பொருளும் விளக்கி, 121-ஆம் ஆண்டில் தம் மகன் கையில் கொடுத்துச் சக்கரவர்த்திக்குச் சமர்ப்பித்த அகராதி. சீன எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அதைத் தொடாமல் பேச முடியாது. அதில் இந்த எழுத்துக்கு, வில்லும் அம்பும் போட்டு வைக்கிற கலம் என்றே பொருள் சொல்லியிருக்கிறார். நோய், மருந்து, வைத்தியம் என்று ஒரு பேச்சும் அங்கே கிடையாது. வைத்தியனுக்கு அவர் காலத்தில் வேறோர் எழுத்து இருந்தது; அது வேறோர் இடத்தில் விளக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் கொல்லுகிறவனுடைய கூடு, காப்பாற்றுகிறவனுடைய பெயராக எப்படி மாறிற்று?

இதற்கு ஓர் அழகான கதை சொல்வார்கள். வைத்தியனைக் குறித்த பழைய முழு எழுத்துக்குப் பதினெட்டுக் கோடுகள். மேலே இடப்பக்கம் நம்முடைய தூணி. மேலே வலப்பக்கம் ஒரு தண்டத்தைப் பிடித்த கை. இரண்டையும் தாங்கிக்கொண்டு கீழே ஒரு மதுக்குடம். போர்க்களத்தில் ஒருவன் அம்பு தைத்துக் கிடக்கிறான், வைத்தியன் வருகிறான், கையில் ஆயுதம் எடுத்து அம்பைப் பிடுங்கிப் பெட்டியில் போடுகிறான், வலி தெரியாமலிருக்கக் கொஞ்சம் மதுவைக் குடிக்கக் கொடுக்கிறான், அல்லது காயத்தில் ஊற்றுகிறான். ஒரே எழுத்தில் ஒரு யுத்தம், ஒரு கருணை, ஒரு ரண சிகிச்சை! இதைவிடச் சிக்கனமாக ஒரு சிறுகதையை எவன் எழுத முடியும்? எனக்கும் இந்தக் கதை பிடித்திருக்கிறது. உண்மை இல்லை என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை.

சீன எழுத்துக்கள் எல்லாம் சித்திரங்கள் என்று நினைக்கிறோம். ஆதியில் சித்திரங்களாகப் பிறந்தவை உண்டுதான். அம்பு அப்படிப் பிறந்தது. தரையில் வந்து குத்தி நிற்கிற அம்பை வரைந்தார்கள், 'வந்து சேர்தல்' என்ற சொல் ஆயிற்று. மனித உருவத்தின் கக்கத்தில் ஓர் அம்பை வரைந்தார்கள், 'வியாதி' ஆயிற்று. (இது நிஜமான சித்திரம், வைத்தியனிடம் இல்லாத அம்பு நோயாளியிடம் இருந்திருக்கிறது.) ஆனால் உலகத்தில் உள்ள எல்லா விஷயங்களையும் வரைந்துகொண்டே இருக்க முடியுமா? பெரும்பாலான எழுத்துக்களை வேறு விதமாகச் செய்தார்கள். ஒரு பாதி பொருளுக்கு, ஒரு பாதி ஓசைக்கு. ஓசைக்காக வருகிற பாதி, அண்டை வீட்டில் கடன் வாங்கிய அரிசி மாதிரி; அது எந்த வயலில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை.

வைத்தியனுடைய பழைய எழுத்தில் பொருளைச் சுமப்பது கீழே இருக்கும் மதுக்குடம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் மருந்தை மதுவில் கலந்து கொடுத்தார்கள். மேலே இருக்கும் தூணியும் கையும் ஓசைக்காக வந்து நிற்பவை. இதே தூணியையும் கையையும் தூக்கி, மதுக்குடத்துக்குப் பதில் இறகின் மேல் வைத்தால் 'மூடுதிரை' என்று ஒரு சொல். பறவையின் மேல் வைத்தால் நீரில் மிதக்கிற ஒரு கடற்காகத்தின் பெயர். எல்லாம் 'யீ' என்ற ஓசைக்குடும்பம். அந்தக் கடற்காகத்தின் விலாவிலிருந்து எந்த வைத்தியன் அம்பைப் பிடுங்கினான்?

ஷு ஷென் தமக்குத் தெரிந்த இன்னொரு கருத்தையும் குறித்து வைத்திருக்கிறார். மேலே உள்ள பாதி, நோயாளி முனகுகிற சத்தம் என்பது அது. 'யீ...' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் முனகுகிறான். அந்த முனகலையே வைத்தியனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். மொழி நூலார் இதையும் ஒப்பமாட்டார்கள். வெறும் ஓசைதான் என்பார்கள். ஆனால் இரண்டு பொய்களில் எனக்கு இந்தப் பொய்தான் அதிகம் பிடிக்கிறது. முதல் பொய்யில் வைத்தியன் கதாநாயகன். இதில் நோயாளி பெயர் சூட்டுகிறவன்.

ஓசையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தூணியைச் சொல்லும்போது 'யீ' என்பதை மேலிருந்து கீழே வெடுக்கென்று இறக்க வேண்டும், யாரையோ அதட்டுகிற மாதிரி. வைத்தியனைச் சொல்லும்போது சுருதிப் பெட்டி பிடித்த மாதிரி உயரத்திலேயே நீட்டி நிறுத்த வேண்டும். வடக்குச் சீனத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்றைக்கு அந்த இறக்கம் ஒன்றுதான். பழைய காலத்தில் இரண்டும் உயிரோசையிலேயே வேறுபட்டவை. அதற்குச் சாட்சி சீனாவுக்கு வெளியே இருக்கிறது. கொரியர்கள் வைத்தியனை 'உய்' என்கிறார்கள், தூணியை 'யே' என்கிறார்கள். ஜப்பானிய அகராதிகள் வைத்தியனுக்கு 'இ' என்றும் தூணிக்கு 'ஏய்' என்றும் உச்சரிப்புக் கொடுக்கின்றன. கடன் வாங்கியவன் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறான். கொடுத்தவன் வீட்டில் அது உருமாறிப் போய்விட்டது. பாஷைகளில் இது சகஜம்.

பிறகு வந்தது எளிமையாக்கம். ஜப்பானியர் 1940-களிலும், சீன அரசாங்கம் 1956-இல் தொடங்கிய திட்டத்திலும் கடினமான எழுத்துக்களைக் குறுக்கினார்கள். குழந்தைகள் பதினெட்டுக் கோடு போட்டுக் கை ஓய வேண்டாம் என்று மதுக்குடத்தை எடுத்தார்கள், கையை எடுத்தார்கள். மூலையில் கிடந்த தூணி மட்டும் மிஞ்சிற்று. அதையே வைத்தியன் என்று வைத்துக்கொள் என்றார்கள். தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்னும் முழு எழுத்தைத்தான் எழுதுகிறார்கள்; அங்கே வைத்தியனுக்கு மதுக்குடம் இருக்கிறது. பெருநிலத்தில், பொருளுக்காக நின்ற பாதி போய், ஓசைக்காக வந்த பாதியின் ஒரு துண்டு அரியணையில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரன் வெளியேறி, குடக்கூலிக்காரனுடைய விருந்தாளி வீட்டுக்குச் சொந்தக்காரனான கதை!

சொல்லின் வேரைத் தோண்டி அதிலிருந்து ஒரு தர்மத்தை எடுத்துக் காட்டுகிற ஆசை எந்த நாட்டுக்காரனுக்கும் உண்டு. நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அம்பறாத்தூணி என்று நாம் சொல்கிறோம். அம்பு அறாத தூணி. எடுக்க எடுக்கக் குறையாத தூணி. இதை வைத்துக்கொண்டு, தமிழன் தீராப்பகையன் என்று ஒருவர் பேசலாம், தமிழன் வற்றாத வளத்தன் என்று இன்னொருவர் பேசலாம். இரண்டு மேடைக்கும் கைதட்டல் கிடைக்கும். சொல் பாவம், வாய் திறக்காது.

ஆகவே, வைத்தியன் எழுத்தில் அம்பு இருப்பதால் வைத்தியம் இப்படிப்பட்டது என்று நான் வாதாடப் போவதில்லை. அது தற்செயல். ஆனால் தற்செயலாக ஒரே பலகையில் வந்து உட்கார்ந்துவிட்ட இந்த இரண்டு பேரையும், அம்புக்காரனையும் வைத்தியனையும், வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்ட மனுஷர் ஒருவர் சீனாவில் இருந்தார். கி.மு. நாலாம் நூற்றாண்டு மென்ஷியஸ். மனிதன் இயல்பிலே நல்லவன் என்று சாதித்தவர். அப்படிச் சாதிக்கிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. எல்லாரும் நல்லவர்களாகப் பிறந்தால், பிறகு எங்கே கெட்டுப் போகிறார்கள்?

அவர் இப்படிக் கேட்கிறார். அம்பு செய்கிறவன், கவசம் செய்கிறவனைவிட ஈரமில்லாத மனசோடு பிறந்தவனா? இல்லை. ஆனாலும் அம்பு செய்கிறவனுக்கு ஒரே கவலை, தன் சரக்கு ஆளைக் காயப்படுத்தாமல் போய்விடுமோ என்பது. கவசம் செய்கிறவனுக்கு ஒரே கவலை, ஆள் காயப்பட்டுவிடுவானோ என்பது. மந்திரித்துக் குணப்படுத்துகிற வைத்தியனுக்கும் சவப்பெட்டி செய்கிற தச்சனுக்கும் இதே கதைதான். அதனால் தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிறார். மனசு தொழிலைத் தேடிப் போவதில்லை. தொழில்தான் மனசைச் செய்கிறது என்பது அவர் கட்சி. (மந்திரித்து என்றேன். வைத்தியனின் எழுத்துக்கே இன்னொரு பழைய வடிவம் உண்டு. அதில் மதுக்குடம் இருக்கிற இடத்தில் மந்திரவாதி இருப்பான்.)

இங்கே எழுத்து இன்னொரு வேடிக்கை செய்கிறது. கவசம் செய்கிறவன் என்பதற்கு மென்ஷியஸ் போட்ட சொல் 'ஹான்'. ஷு ஷென் அந்த எழுத்துக்கு 'நாக்கு' என்று பொருள் சொன்னார்; அந்த ஒன்றில் சறுக்கிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிய எழுத்துக்கள் மண்ணுக்குள் கிடந்தன. 1899-இல்தான் படித்தவர்கள் கண்ணில் பட்டன. பழைய உருவங்களைப் பார்த்த வாங் குவோவெய் என்ற பண்டிதர், இது ஒரு கூட்டுக்குள் தலைகீழாகச் செருகிய அம்பின் படம் என்று காட்டினார். அதாவது, இதுவும் ஒரு தூணி! அம்பை வைக்கிற கூடு, பிறகு எதையும் வைக்கிற கூடாயிற்று. உடம்பை வைக்கிற கூடு கவசமாயிற்று. கடிதத்தை வைக்கிற உறை, கடிதமே ஆயிற்று. 1859-இல் மேல்நாட்டுக் கணிதத்தை மொழிபெயர்த்த லீ ஷான்லான், ஓர் அளவுக்குள் இன்னோர் அளவு அடங்கியிருப்பதைக் குறிக்க இதே எழுத்தை எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் சீனப் பிள்ளைகள் கணக்கு வகுப்பில் அந்தத் தூணியை எழுதுகிறார்கள். மென்ஷியஸ் எதிரெதிராக நிறுத்திய அம்புக்காரனும் கவசக்காரனும் எழுத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தெரிந்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவருடைய நியாயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கவசம் செய்கிறவன் ஆள் காயப்படக் கூடாதென்று கவலைப்படுகிறான்; சரி. யார் காயப்படக் கூடாதென்று? தன்னிடம் விலை கொடுத்து வாங்கியவன்தானே? நல்ல கவசத்துக்குள்ளே இருக்கிறவன் தைரியமாக எதிரியின் மேல் போய் விழுவான். எதிரியிடம் கவசம் இல்லாமலிருந்தால் அது கவசக்காரனின் கவலையில் சேருமா? அதோடு, அம்பு செய்கிறவன் ஒருவன் இல்லாவிட்டால் கவசத்துக்கு எவன் காசு கொடுப்பான்? கடைத்தெருவில் எதிரெதிர்க் கடை போட்டிருந்தாலும், யுத்தம் வருகிறதென்று சேதி கேட்ட அன்றைக்கு இரண்டு கடையிலும் ஒரே மாதிரிதான் விளக்கெரியும். சவப்பெட்டித் தச்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் சாவு விழ வேண்டுமென்று அவன் உட்கார்ந்து பிரார்த்திப்பதாக மென்ஷியஸ் சொல்லாமல் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. சாவு அவன் வேண்டிக்கொண்டு வருவதில்லை. வேண்டாமென்று சொல்லி நிற்கப் போவதும் இல்லை. வந்த பிறகு, அந்தப் பிரேதத்துக்கு ஒரு மரியாதை செய்கிறான். வைத்தியனுடைய மனசையும் அப்படி ஒரேயடியாக நம்பிவிட முடியாது. ஜனங்கள் ஆரோக்கியமாக இருக்கிற வருஷத்தில் அவன் வீட்டு உலை எப்படிக் கொதிக்கும்?

இதையெல்லாம் நான் வைத்தியர்கள் மேல் உள்ள கோபத்தால் சொல்லவில்லை. என் தொழிலை நினைத்துக்கொண்டு சொல்கிறேன். கதை எழுதுகிறவனை மென்ஷியஸ் எந்த வரிசையில் நிறுத்தியிருப்பார்? சாவு வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள், அவனும் அழுகிறான், பொய்யழுகை இல்லை. ஆனால் அழுகிற அந்தக் கண்ணுக்குப் பின்னால் இன்னொரு கண், விதவையாகிவிட்டவள் அழுகைக்கு நடுவே அடுப்பில் வைத்த பாலை ஞாபகம் வைத்துக்கொண்டு இறக்கச் சொன்னதைப் பார்த்துப் பத்திரப்படுத்துகிறது. பத்து வருஷம் கழித்து அந்தப் பால் ஒரு கதையில் பொங்கும். படிக்கிறவர்கள், இவனுக்குத்தான் எவ்வளவு ஈரமான மனசு என்பார்கள். எழுதுகிறவனிடமும் ஒரு தூணி இருக்கிறது. அதில் உள்ளவை எல்லாம் பிறத்தியார் உடம்பிலிருந்து பிடுங்கியவை. எந்தச் சவப்பெட்டித் தச்சனும் அழுகிற வீட்டில் பலகை அளவு எடுத்துக்கொண்டு நிற்பதில்லை. கூப்பிட்ட பிறகுதான் வருகிறான்.

மென்ஷியஸ் அதே பேச்சை முடிக்கிற இடம் என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. அம்பு செய்கிறவனை அத்தனை இளக்காரமாகத் தொடங்கியவர், கருணையுள்ளவன் எப்படிப்பட்டவன் என்று காட்டுவதற்குக் கடைசியில் யாரைக் கூப்பிடுகிறார் தெரியுமா? வில்லாளியை! தன்னை நேராக நிறுத்திக்கொண்ட பிறகே அம்பை விடுகிறவன். குறி தப்பினால் ஜெயித்தவனை நொந்துகொள்ளாமல் தன்னிடத்திலே பிசகைத் தேடுகிறவன். கருணை அப்படிப்பட்டது என்கிறார். அம்பு ஒன்றுதான். செய்து விற்கிறவன் கையில் அது சரக்கு. அது தைக்க வேண்டுமென்பதுதான் அவன் எதிர்பார்ப்பு. வில்லாளி கையில் அது அவனையே அளக்கிற கோல். அப்படியானால் மனசைச் செய்வது தொழிலா, தொழிலில் கிடைக்கிற லாபமா?

லாபத்தை மாற்றிப் பார்க்கலாமென்று நினைத்தவர்களும் சீனாவில் இருந்திருக்கிறார்கள். சௌ ராஜ்யத்து உத்தியோகங்களை விவரிக்கிற பழைய நூல் ஒன்றில் அரசாங்க வைத்தியர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கிற முறை சொல்லியிருக்கிறது. வருஷக் கடைசியில் கணக்கெடுப்பார்கள். பத்துக்குப் பத்தும் சரியாகப் பார்த்தவனுக்கு முதல் தரம். ஒன்று தவறினவன் அடுத்தது. இரண்டு, மூன்று என்று இறங்கி, பத்தில் நாலு தவறினவன் கடைசித் தரம். நாலுக்கு மேல் தவறினவனை என்ன செய்தார்கள் என்று நூல் பேசவில்லை. அவனுக்குத் தரம் எதற்கு என்று விட்டிருப்பார்கள் போலும்! எப்படியும் நல்ல ஏற்பாடுதான். நோயில் இருந்த லாபத்தைக் குணத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

ஓட்டையைக் காட்டுவது பியன் ச்சுவே என்ற பேர்பெற்ற வைத்தியனைப் பற்றிய ஒரு பழங்கதை. உங்கள் சகோதரர்கள் மூன்று பேரில் யார் கெட்டிக்காரர் என்று வேய் தேசத்து அரசன் கேட்கிறான். மூத்தவர்தான் முதல், நடுவிலுள்ளவர் அடுத்தபடி, நான் கடைசி என்கிறான் அவன். காரணமும் சொல்கிறான். மூத்தவர் நோய் உருவெடுப்பதற்கு முன்னாலேயே அதன் சாயலைக் கண்டு நீக்கிவிடுவார். அதனால் அவர் பெயர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நடு அண்ணா நோய் மயிரிழையாக இருக்கும்போது தீர்த்துவிடுவார். அவர் பெயர் தெருவைத் தாண்டவில்லை. நான் நரம்பில் ஊசி குத்துகிறேன், கடுமையான மருந்தைப் புகட்டுகிறேன், தோலைக் கீறுகிறேன். என் பெயர் ராஜாக்கள் காதுவரை எட்டிவிட்டது.

வருஷக் கணக்கெடுக்கிற அதிகாரி இந்த மூத்தவர் வீட்டுக்கு வந்தால் என்ன எழுதிக்கொண்டு போவான்? வராத நோயைப் பத்துக்கு எத்தனை என்று எண்ணுவது? மூத்தவருக்குச் சம்பளம் இல்லை, புகழ் இல்லை, நன்றி சொல்கிற நோயாளிகூட இல்லை. தனக்கு என்ன நேர இருந்தது என்பதே அந்த நோயாளிக்குத் தெரியாதே! மூன்று பேரிலும் ஊசியும் கத்தியும் வைத்திருந்தவன் தம்பிதான். பெட்டிக்குள் கூர்மையான சாமான்கள். ஆஸ்பத்திரிப் பலகையில் உள்ள எழுத்து அவனுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மூத்தவருக்குப் பொருந்துமா? பொருந்துகிற மாதிரி ஒரு சாட்சி அகப்படுகிறது. தூணி என்று பொருள் சொன்ன ஷு ஷென், அதற்கு ஆதாரமாக ராஜ்யங்களின் பேச்சுக்களைத் தொகுத்த ஒரு பழைய சரித்திர நூலிலிருந்து மூன்று நாலு எழுத்துக்களை எடுத்துக் காட்டுகிறார். ஆயுதங்களைத் தூணியிலிருந்து அவிழ்க்கவே இல்லை என்பது அதன் தாத்பரியம். (அந்த நூலின் இன்றைய பிரதிகளில் அதே இடத்தில் இறகு போட்ட 'மூடுதிரை' எழுத்து இருக்கிறது.) நம்முடைய எழுத்துக்கு அகராதிக்காரர் கூப்பிட்ட ஒரே சாட்சி, அதைத் திறக்கவில்லை என்று வந்து சொல்லிவிட்டுப் போகிறது!

பேச்சு ச்சீ ராஜ்யத்து ஹுவான் கோமகனைப் பற்றியது. கி.மு. 685-இல் பட்டத்துக்கு வந்தவன். குவான் சூங் என்ற மந்திரியின் புத்தியால் மற்ற அரசர்களையெல்லாம் யுத்தமில்லாமல் கூட்டிச் சேர்த்துச் சக்கரவர்த்திக்கு வணக்கம் செலுத்த வைத்தான் என்று புகழ்கிறது அந்த நூல். கவசம் கட்டிலிருந்து எடுக்கப்படவில்லை, ஆயுதம் அவிழ்க்கப்படவில்லை, வில்லுறையில் வில் இல்லை, அம்புக்கூட்டில் அம்பு இல்லை. அப்படி ஓர் அமைதி. நோய் வருமுன்னே தீர்க்கிற மூத்த அண்ணாவின் வைத்தியத்தை ஒரு ராஜ்யத்துக்கே செய்துவிட்ட மாதிரி இருக்கிறது.

இந்த இடத்தில் வருகிற அம்புக்கூட்டுக்கு வேறு எழுத்து. மூங்கில் தலையோடு எழுதினால் அதை இன்று 'ஃபூ' என்கிறார்கள். ஆதியில் சீன மொழியில் இந்த 'ஃ' கலந்த ஓசையே கிடையாது, எல்லாம் நம்முடைய 'ப'தான் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ச்சியன் தாஷின் என்ற அறிஞர் நிறுவினார். நமக்கு அதை ஒப்புக்கொள்வதில் கஷ்டமில்லை. கொரியர் வாயில் அது இன்னும் 'பொக்'. இந்தக் கூட்டின் மிகப் பழைய சித்திரம், அம்புகளைச் செருகி நிறுத்திய ஒரு தாங்கி. அதன் பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்தினார்கள். 'ஆயத்தம்', 'தயார்' என்ற சொல் பிறந்தது. அதற்கு உச்சரிப்பு 'பேய்'! நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். எளிமையாக்கத்தில் அந்த அம்புகளும் போய்விட்டன.

தயாராயிருப்பது பாபமா? தூணிக்குள்ளே இருக்கிற அம்பு ஒருவரையும் கொல்லவில்லை. ஆனால் அவிழ்க்காத தூணிக்கு மற்ற அரசர்கள் எதற்காக வணங்கினார்கள்? அது காலி என்று அவர்கள் நிச்சயமாக நம்பியிருந்தால் வணங்கியிருப்பார்களா? தூணி காலி என்று நூல் எழுதுகிறது; நூலை எழுதியவர்கள் ஜெயித்த பக்கத்தை மெச்சுகிறவர்கள். வைத்தியன் ஊசியை எடுக்காமலே நோய் பயந்து ஓடுகிறதென்றால், ஊசி எங்கேயோ இருக்கிறதென்றுதானே அர்த்தம்? மூத்த அண்ணாவிடம் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஹுவானிடம் இருந்தது, எடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனாலும் நாற்பது வருஷம் எடுக்காமல் இருந்தது ஒரு சாதனைதான் என்பார்கள். அதுவும் முழு நிஜமில்லை. நாற்பது வருஷத்தில் அவன் செய்த யுத்தங்களும் உண்டு. சரித்திரம் அவற்றையும் எழுதி வைத்திருக்கிறது.

கி.மு. 645-இல் குவான் சூங் இறந்துபோனான். சாகும்போது, அரண்மனையில் நெருங்கிப் பழகுகிற சில ஆட்களை நம்ப வேண்டாமென்று எச்சரித்துவிட்டுப் போனான். மூத்த அண்ணாவின் வைத்தியம் அது. நோய் உருவெடுக்கவில்லை, சாயல்தான் தெரிந்தது. ஹுவான் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவனே படுக்கையில் விழுந்தான். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டு, தகப்பன் கண்மூடினதும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். அவிழாத தூணிகள் எல்லாம் ஊருக்குள்ளேயே அவிழ்ந்தன. அரண்மனை காலியாகிவிட்டது, பிரேதத்தைப் பெட்டியில் வைக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மென்ஷியஸின் தச்சன் அந்த ஊரில் இருந்திருப்பான். அவனைக் கூப்பிட ஆளில்லை. அறுபத்தேழு நாள் உடம்பு கட்டிலிலேயே கிடந்து, புழுக்கள் கதவுக்கு வெளியே வந்தன என்று சரித்திரக்காரர் ஸுமா ச்சியன் எழுதுகிறார். அதன் பிறகு ஒரு பிள்ளை பட்டத்தைப் பிடித்து உட்கார்ந்தான். அப்புறம்தான் பெட்டி வந்தது.